கயிறு கட்டி அருவியில் இறங்கப் போகிறாளாம் மகள்!

சகோதரிகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கறிக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் மூத்த மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, மார்ச் மாசம் ஆபீஸ்ல நாங்க ஆறு பேர் ஸ்ரீலங்கா போறோம். கித்துல்கலன்னு ஒரு ஊர். அங்க கேன்யனிங் பண்ணப் போறோம்."

"அப்படின்னா என்ன பாப்பா?"

"அருவியில கயிறு கட்டி இறங்குறது."

அதற்குப் பிறகு என் கண்ணில் வந்த தண்ணீர் வெங்காயத்தால் வந்ததா, அவள் சொன்ன சமாசாரத்தால் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், "என்னத்தா சொல்லுது? சிலோனுக்கா? கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள கைகாலை ஒடிச்சுக்கிட்டு வந்தா யாரு பதில் சொல்றது?" என்று ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

நானும் "வேண்டாம்" என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "அம்மா, கும்பக்கரையை நினைச்சுத்தானே பயப்படுறே?" என்று கேட்டுவிட்டாள். ஆமாம், அதை நினைத்துத்தான்.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் பிறந்த வீடு வத்தலக்குண்டு. அங்கிருந்து பெரியகுளம் பக்கம் போனால் கும்பக்கரை அருவி. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பாம்பாற்றுத் தண்ணீர் அது. பாறைகளில் பெரிய பெரிய குழிகள் உண்டு. நாங்கள் அவற்றைக் கசம் என்போம். இவளுக்கு அப்போது 4 வயது. நான், என் தங்கை, பிள்ளைகள், அண்ணன் எல்லோருமாக ஒரு ஐப்பசி மாதம் போயிருந்தோம். குளித்து முடித்து, கூட்டம் வேண்டாமென்று கொஞ்சம் கீழே தள்ளி, ஓடை நடுவில் இருந்த ஒரு அகலமான பாறையில் புளியோதரைத் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். நல்ல வெயில். மழைக்கான அறிகுறியே இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை.

கரையில் மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மாள் திடீரென்று கத்தினார். "ஏத்தா! புள்ளையத் தூக்கிட்டு மேல ஏறு! தண்ணி வருது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கே வருது?" என்று பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. ஓடையின் சத்தமும் தடித்திருந்தது. அண்ணன் இரண்டு பிள்ளைகளைத் தூக்கினார். நான் இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். புடவை காலைச் சுற்றிக்கொண்டது. கரை ஏறித் திரும்பிப் பார்க்கையில் பாறையில் பாதி இல்லை. உலை கொதிக்கிற நேரத்துக்குள் முழுப் பாறையும் முழுகிவிட்டது. தூக்குச்சட்டி போயிற்று, நாலு ஜோடிச் செருப்பு போயிற்று. அதோடு போனதே என்று இன்றைக்கும் ஊர்க் குலசாமிக்கு விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

"இங்க வெயிலடிச்சா என்னத்தா? மேல வெள்ளகவியில பெய்யுதுல்ல" என்றார் அந்த அம்மாள், மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டே.

இத்தனை வருஷத்தில் மலை ஓடையைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. நாம் நிற்கும் இடத்து வானத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. தண்ணீர் புறப்படும் இடத்து வானத்தைப் பார்க்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோடைக்காலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். இந்த கேன்யனிங்கை முறையாக நடத்தும் சுவிட்சர்லாந்திலேயே, 1999 ஜூலை 27 அன்று இன்டர்லாக்கன் ஊருக்குப் பக்கத்து ஓடை ஒன்றில் 21 பேர் இறந்தார்கள். 18 பேர் விருந்தாளிகள், 3 பேர் அவர்களைக் கூட்டிப்போன வழிகாட்டிகள். மேல்மலையில் இடிமழை பெய்துகொண்டிருந்தபோது அவர்கள் ஓடைக்குள் இருந்தார்கள். அந்த நிறுவனத்தை நடத்தியவர்களில் 6 பேரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று 2001-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

வெறும் அருவிக் குளியலைவிட இதில் என்ன கூடுதல் ஆபத்து என்றால், உள்ளே போனபின் நினைத்த இடத்தில் வெளியேற முடியாது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் ஓடை. மேலே ஓரிடத்தில் இறங்கி, நடந்தும், வழுக்கியும், தேங்கிய குளங்களில் நீந்தியும் குதித்தும், செங்குத்தான இடத்தில் கயிற்றில் தொங்கி இறங்கியும் கீழே வந்து சேர வேண்டும். டவுன் பஸ் மாதிரி நடுவில் விசில் அடித்து இறங்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் கிடையாது.

இதெல்லாம் தெரிந்தும் நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. ஏன் என்கிறீர்களா? அவளுக்கு 22 வயது. சொந்தச் சம்பளம். வேண்டாமென்றால் சொல்லாமல் போவாள். சொல்லாமல் போகிற பெண்ணுக்கு அம்மாவால் என்ன துணை செய்ய முடியும்? அதனால், "போ. ஆனா நான் கேக்கிற கேள்விக்கெல்லாம் கூட்டிட்டுப் போறவங்ககிட்ட பதில் வாங்கிட்டுத்தான் பணம் கட்டணும்" என்றேன். சரி என்றாள். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கித்துல்கல கொழும்பிலிருந்து மலைப்பக்கம் போகும் வழியில், களனி ஆற்றங்கரையில் இருக்கிறது. கித்துல் என்றால் நம் கூந்தல்பனை, கல என்றால் பாறை. 1957-ல் வந்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை அங்கேதான் எடுத்தார்கள். படகு விடுவதும் இந்த அருவி இறக்கமும் அங்கே ஒரு தொழில். இலங்கையிலேயே மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை கொட்டும். மார்ச், ஏப்ரலில் காலை வெளுப்பாக இருக்கும், பிற்பகலில் இடியோடு மழை வரும். இந்த ஒரு விஷயத்திலேயே முதல் தகராறு வந்தது. பிள்ளைகள் பிற்பகலுக்குப் பதிவு செய்யப் போனார்கள், கட்டணம் குறைவாம். குறைவாகத்தான் இருக்கும்! "விடிஞ்சதும் இறங்குற குழுவா பாரு, இல்லேன்னா போகாதே" என்றேன்.

என் கேள்விகளில் முக்கியமானது ஒன்றுதான்: திரும்பலாம் என்று யார் முடிவு செய்வார்கள்? அப்படித் திரும்பினால் பணம் என்ன ஆகும்? முதலில் பிள்ளைகள் பேசிய ஆள், "மழை வந்தா இன்னும் ஜாலியா இருக்கும் மேடம், நாங்க ஒருநாளும் கேன்சல் பண்ணினதே இல்லை" என்றாராம். பெருமையாகச் சொன்னாராம்! அந்த இடத்தை அன்றைக்கே விட்டுவிடச் சொன்னேன். இரண்டாவது ஆள் நம்மைக் கேள்வி கேட்டார். எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும், யாருக்காவது ஆஸ்த்மா உண்டா, வலிப்பு உண்டா, தோள்பட்டை கழன்ற அனுபவம் உண்டா, எடை எவ்வளவு, மூக்குக் கண்ணாடி போடுபவர் யார்? மழையால் நிறுத்தினால் வேறு நாள் தருவேன் அல்லது பாதிப் பணம் தருவேன் என்று எழுதியே கொடுத்தார். நமக்குப் பதில் சொல்பவனைவிட நம்மைக் கேள்வி கேட்பவன்மேல்தான் எனக்கு நம்பிக்கை. நல்ல டாக்டரும் அப்படித்தானே?

இன்னும் சிலதும் கேட்கச் சொன்னேன். ஆறு பேருக்கு எத்தனை வழிகாட்டி? குறைந்தது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில். பாதி வழியில் வெளியே ஏறும் இடங்கள் எங்கெங்கே? மிச்சக் கயிறு, கத்தி, முதலுதவிப் பை யார் தோளில் இருக்கும்? போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் யார் மேலே ஓடுவார்? அருவிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது. அதற்கு விசில், கைச்சாடை என்ன? அங்கே வழிகாட்டிகள் பலர் சிங்களம் பேசுவார்கள், கொஞ்சம் ஆங்கிலம். நம் பிள்ளைகள் தமிழ். அதனால் கைச்சாடை கரையிலேயே பழகிக்கொள்ள வேண்டிய பாஷை.

"ஏம்மா, இவ்வளவு தூரம் போறதுக்கு நம்ம கொடைக்கானல் அருவியிலயே இறங்கலாமே" என்றாள் அவள் தோழி ஒருத்தி, போனில். இந்த யோசனைதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயம் தந்தது. நம் மலை ஓடைகள் பெரும்பாலும் வனத்துறைக் காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் யாரோ ஒருவர் கயிற்றோடு கூட்டிப்போகிறேன் என்றால், அடிபட்டால் தேடி வருவதற்குக்கூட நாம் அங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது. 2018 மார்ச் 11-ல் போடி பக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களில் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்று பின்னால்தான் பேசினோம். அதற்குப் பின் மலையேற்றத்துக்கென்று அரசாங்கம் விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 மலைப்பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டியோடு திறந்தது. கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும் பாதை அதில் உண்டு. கயிற்றில் தொங்காமல் மலையும் ஓடையும் பார்க்க ஆசைப்படும் வாசகியர், கம்ப்யூட்டரில் பதிவு செய்து அப்படிப் போகலாம். தீப்பிடிக்கும் மாதங்களில் மூடிவிடுவார்கள்; அப்போது குறுக்கு வழி தேடாதீர்கள்.

இனி வீட்டில் செய்த ஏற்பாடுகளுக்கு வருகிறேன். நீச்சல்தான் முதல். எங்கள் காலத்தில் வத்தலக்குண்டுத் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அண்ணன் பிடித்துத் தள்ளுவார். மூன்றாம் நாள் நீந்திவிடுவோம். திண்டுக்கல் டவுனில் வளர்ந்த என் பெண்ணுக்கு வாளித் தண்ணீர்தான் தெரியும். அவள் சென்னையில் ஒரு குளத்தில் சேர்ந்து மூன்று மாதம் கற்றாள். லைஃப் ஜாக்கெட் போடுவார்களே, நீச்சல் எதற்கு என்று கேட்கலாம். ஜாக்கெட் மிதக்க வைக்கும்; மூக்கில் தண்ணீர் ஏறினால் பதறாமல் இருக்க வைக்காது. அதோடு, அருவி விழும் இடத்து வெள்ளை நுரையில் பாதி காற்றுதான். அதில் உடம்பு சாதாரணத் தண்ணீரில் மிதப்பதுபோல் மிதக்காது.

தண்ணீரின் பலத்தை நாம் குறைத்து மதிக்கிறோம். 15 லிட்டர் வாளியைத் தூக்கி மாடி ஏறும் நமக்கு அதன் கனம் தெரியும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. ஓடும் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்கு. முழங்கால் அளவுதானே என்று வேகத் தண்ணீரில் எழுந்து நிற்கப் போனால், பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். இழுத்துக்கொண்டு போனால் நிற்க முயலக்கூடாது. மல்லாந்து, காலை முன்னே நீட்டி, பாதத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்து மிதந்து, வேகம் குறைந்த ஓரத்துக்கு நீந்த வேண்டும். இதை அவளைக் குளத்திலேயே பழகச் சொன்னேன். ஆபீஸில் லிஃப்டை விட்டுவிட்டு தினமும் ஏழு மாடி ஏறி இறங்கினாள். இறங்குவதுதான் முழங்காலுக்குப் பயிற்சி.

அடுத்தது உடுப்பு. துப்பட்டா, தொளதொள சட்டை எதுவும் கூடாது. பருத்தி நமக்கு உகந்ததுதான். ஆனால் நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்போடு ஒட்டிய செயற்கை நூல் பனியனும் நீள் கால்சட்டையும் நல்லது. காலுக்குச் செருப்பு அல்ல, நாடா கட்டும் பழைய கான்வாஸ் ஷூ, அடிப்பாகம் தேயாதது. புது ஷூ கடிக்கும்.

தலைமுடியைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். கயிறு ஓடும் இரும்பு வளையத்தில் பின்னல் சிக்கினால், அருவி நடுவே தொங்கிக்கொண்டு விடுவிக்க முடியாது. முடியை இறுகப் பின்னி, கொண்டை போடாமல் — கொண்டை இருந்தால் ஹெல்மெட் உட்காராது — சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். மோதிரம், வளையல், தொங்கட்டான், சங்கிலி எல்லாம் வீட்டில். மோதிரம் மாட்டி விரலே போனவர்கள் உண்டு. கல்யாணமான தோழி ஒருத்தி தாலிக்கு என்ன செய்வது என்று கேட்டாள். கழற்றி மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போ என்றேன். மனம் வராவிட்டால் மஞ்சள் கயிற்றில் மட்டும் கோத்து உள்ளாடையில் ஊசி போட்டுக்கொள் என்றேன். என் மாமியார் இதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனது ஆச்சரியம்தான். கிளம்பும் முதல்நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னதும் அவர்தான். "வேண்டாம் அத்தை, கையெல்லாம் வழுக்கும்" என்று தடுத்தேன்.

மாதவிலக்கு நாளாக இருந்தால்? நாப்கின் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். கப் பழக்கமுள்ளவர்கள் போகலாம். இல்லாதவர்கள் அந்த நாளைத் தள்ளி வைப்பதே சௌகரியம். புதிதாக அன்றைக்குப் பழகக் கூடாது. கர்ப்பிணிகள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், வலிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் போகவே வேண்டாம். ஆஸ்த்மா உள்ளவரின் மருந்து, தண்ணீர் புகாத டப்பாவில் வழிகாட்டியின் பையில் இருக்க வேண்டும். வெட்கப்பட்டு வியாதியை மறைப்பதுபோல் முட்டாள்தனம் இல்லை.

சாப்பாடு, இரண்டு மணி நேரம் முன்னால் நாலு இட்லியோ, ரொட்டியோ. கூட இருப்பவர்கள் முதல்நாள் இரவு குடித்திருந்தால் அவர்களோடு ஒரே கயிற்றில் இறங்காதே என்றும் சொன்னேன். நம் பிள்ளைகளும் இப்போது எல்லாரோடும் பழகுகிறார்கள், இதைச் சொல்லாமல் விடுவதில் என்ன கௌரவம்?

பிரயாண இன்ஷூரன்ஸ் எடுத்தாள். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்து அதன் பொடி எழுத்தையெல்லாம் படித்தார். சாகச விளையாட்டில் அடிபட்டால் பணம் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. பல பாலிசிகளில் அப்படித்தான். அந்த வரி இல்லாததாகப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாகக் கட்டி மாற்றினோம்.

கடைசியாக ஒரு தாள். எங்கே இறங்குகிறார்கள், எத்தனை மணிக்கு, எங்கே வெளியே வருவார்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990. நம் 108 மாதிரியே, இந்தியா கொடுத்த உதவிப் பணத்தில் 2016-ல் ஆரம்பித்தது. போலீஸ் 119.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு இறங்குகிறோம் என்று போன். பதினொன்றரைக்குள் பேசுகிறேன் என்றாள். நான் அன்று சமைத்த ரசத்தில் உப்பே இல்லையாம். பத்தே காலுக்குப் போன் வந்தது. நெஞ்சு திக்கென்றது. இவ்வளவு சீக்கிரமா?

"அம்மா, நடுவுலயே ஏத்திட்டாங்க."

"அடிபட்டுச்சா?"

"இல்லம்மா. ரெண்டு அருவி இறங்கிட்டோம். இடுப்புப் பட்டை போடறப்போ அந்த அண்ணா ஒவ்வொரு கொக்கியையும் இழுத்து இழுத்துப் பார்த்தாரு, நானும் அவரோடத இழுத்துப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரி. குதிக்கிற குளத்துல முதல்ல அவரே இறங்கி ஆழம் பார்த்தாரு. மூணாவது அருவிக்கு முன்னால நின்னு தண்ணியையே பார்த்தாரு. மேல மலை கறுத்திருந்துச்சு, ஆனா எங்க தலைக்கு மேல வெயில். தண்ணியில சருகு வந்துச்சு அம்மா. அப்புறம் நிறம் மாறுச்சு. எனக்குத் தெரிஞ்சிருச்சு. அவர் விசில் அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் கரையப் பார்த்துத் திரும்பிட்டேன்."

பக்கத்துப் பாறை வழியாக ஏறி, ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். கூட வந்த இரண்டு பையன்கள் முனகினார்களாம், இவ்வளவு செலவு பண்ணி வந்து பாதியில் திரும்புவதா, இன்னும் ஒரு அருவிதானே என்று. அரைமணி கழித்துப் பாலத்திலிருந்து பார்த்தபோது ஓடை செம்மண் கரைத்ததுபோல் சுவர் முட்டப் போயிற்றாம். பையன்கள் அதைப் படம் எடுத்தார்களாம். பாதிப் பணம் எழுதிக் கொடுத்தபடி திரும்ப வந்தது.

வந்த பிறகும் வேலை இருக்கிறது, தோழிகளே. ரப்பர் தோட்டத்தில் அட்டை கடித்திருந்தது. பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரமாக நெம்பித் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம்; ரத்தம் உறையாமல் இருக்க அட்டையின் எச்சிலில் ஒரு பொருள் உண்டு. நனைந்து நடுங்கினால் உடனே ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, சர்க்கரை போட்ட சூடான டீ. விழுந்தவருக்கு முதுகோ கழுத்தோ வலித்தால் தூக்கி நிமிர்த்தக் கூடாது, ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைக்க வேண்டும்.

முக்கியமானது எலிக்காய்ச்சல். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர் சிராய்ப்பு வழியாக உடம்புக்குள் போய் வரும் வியாதி. 2 நாளிலிருந்து 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் காணலாம். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் டாக்டரிடம் போய், "ஓடைத் தண்ணீரில் இறங்கினேன்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் மருந்து கொடுத்தால் எளிதில் குணமாகும், விட்டுவிட்டால் கல்லீரல், சிறுநீரகம் வரை போகும். போவதற்கு முன்பே தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

என் பெண்ணுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். லீவில் திண்டுக்கல் வந்திருக்கிறாள். அவள் கான்வாஸ் ஷூ மொட்டை மாடியில் அப்பளத்துக்குப் பக்கத்தில் காய்கிறது. காலண்டரில் 30 நாளைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இன்றோடு 21 அடித்தாயிற்று. இன்று காலை, "ஜூலையில வெள்ளகவிப் பாதைக்கு நீயும் வர்றியாம்மா? ஊருக்குள்ள செருப்பு போட்டு நடக்கக் கூடாதாம், அப்பத்தாவுக்குப் பிடிக்கும்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் உள்ளிருந்து, "ஆடியில மலையில காத்தடிக்கும், ஆனியிலயே போங்க" என்றார்.